நமது அஞ்சல்தலைக் குழு ஏன் ஓய்ந்துபோனது?

கேள்வி (சுங்கை சிப்புட் சேகரிப்பாளர்):
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் நடத்தும் நமது புலனக் (வாட்ஸ்அப்) குழுவில், முன்பு ஒருவர் ஓர் அஞ்சல்தலையின் படத்தை அனுப்பினால், முத்திரையிலுள்ள ஊர், நாள், ஓரத்துத் துளைகள் என்று விவாதம் இரவுவரை நீளும். இப்போது காலை வணக்கப் படங்களே வருகின்றன. ஆர்வம் உண்மையிலேயே அற்றுவிட்டதா?

மறுமொழி 1:
ஐயா, அஞ்சல்தலைகளின் வரத்து நின்றதே முதற்காரணம் என்று கருதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து தோட்டத் தொழிலாளர் வசித்த லயத்து (வரிசை) வீடுகளுக்குக் கடிதம் வந்த காலத்தில், உறையை நீரில் ஊறவைத்துத் தலையைப் பிரித்தெடுப்பதிலேயே பிள்ளைகளின் சேகரிப்பு தொடங்கியது. தோட்டங்கள் கைமாறிக் குடும்பங்கள் சிதறிய பின்னர், அந்தக் கடிதமும் இல்லை, மாற்றிக்கொள்ள அடுத்த வீட்டுத் தோழனும் இல்லை.

மறுமொழி 2:
அண்ணன் சொல்வது சரிதான். ஆயினும் வரத்து நின்றால் பேச்சும் நிற்க வேண்டியதில்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான நீரிணைக் குடியேற்றங்களின் முதல் தலைகள், 1867இல் இந்தியத் தலைகளின் மேல் கிரீடமும் சென்ட் மதிப்பும் அச்சிடப்பட்டே வெளிவந்தன; ஜப்பானியர் ஆட்சியிலும் பழைய மலாயாத் தலைகள் மேலச்சுடன் புழங்கின. இவற்றை விளக்கினால் இளையோர் நிச்சயம் கேட்பார்கள். ஆனால், பாட்டியின் பெட்டியில் கிடைத்த தலைகளைப் பற்றிக் கேட்ட ஒரு மாணவிக்கு, "விலை போகாது" என்ற ஒற்றை வரியே நம் குழுவில் பதிலாகக் கிடைத்தது. அவர் பிறகு எழுதவேயில்லை. அதைப் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி தம்பி. அந்த மாணவிக்கு நானே எழுதுகிறேன். மலாயாக் கூட்டரசின் 1957 வெளியீட்டில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவும் காட்சியுள்ள தலை யாரிடமாவது இருந்தால், இந்த ஞாயிறு அதன் படத்தை அனுப்புங்கள், அதிலிருந்து தொடங்குவோம்.