ஆர்டிபி நேரலையில் குரலும் படமும் ஒத்துப்போகவில்லை: உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். ஆர்டிபி (ஒலியையும் படத்தையும் இணையத்தில் உடனுக்குடன் அனுப்பும் நெறிமுறை) வழியாக வரும் நேரலையைப் பெற்று இயக்கும் மென்பொருள் ஒன்றை எழுதி வருகிறேன். ஒலி ஓபஸ், படம் எச்.264 என்ற சுருக்க வடிவங்களில் உள்ளன. இரண்டும் யுடிபி என்ற இணைய அனுப்புமுறையின் மேல் தனித்தனியாக வருகின்றன. இணைந்த முதல் சில விநாடிகளில் உதடு அசையும் முன்பே குரல் கேட்டுவிடுகிறது. பிறகு சரியாகிவிடுகிறது.

காரணம் புரிகிறது. ஒலியின் நேரமுத்திரை (அது எந்தக் கணத்துக்குரியது என்று காட்டும் எண்) விநாடிக்கு 48,000 என்ற கணக்கிலும் படத்தினுடையது 90,000 என்ற கணக்கிலும் ஏறுகின்றன. அதாவது 20 மில்லிவிநாடி ஒலிக்கு 960 கூடும்; விநாடிக்கு 30 சட்டங்கள் (ஃபிரேம்கள்) உள்ள படத்தில் சட்டத்துக்கு 3,000 கூடும். தொடக்க எண்ணோ இரண்டிலும் ஏதோ ஒன்று. ஆர்டிசிபி அனுப்புநர் அறிக்கை (நேரமுத்திரையை உண்மையான கடிகார நேரத்தோடு இணைத்து அனுப்புநர் இடையிடையே அனுப்பும் குறிப்பு) வந்தால்தான் இரண்டையும் ஒரே கடிகாரத்தில் வைத்துப் பார்க்க முடியும். அதற்கோ விநாடிகள் ஆகின்றன.

அதுவரை என்ன செய்வது? காத்திருந்தால் வெறும் திரைதான். வந்து சேர்ந்த நேரத்தை வைத்துத் தோராயமாகப் பொருத்தினால், அறிக்கை வந்ததும் படம் துள்ளுகிறது. ஆர்எஃப்சி 6051 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதற்கு நல்ல வழி சொல்கிறது, ஆனால் அதற்கு அனுப்பும் கருவியையும் மாற்ற வேண்டும்; அது என்னால் முடியாது.

செவித்திறன் குறைந்தவர்களுக்காக இதைச் செய்கிறேன். அவர்கள் குரலோடு உதட்டசைவையும் சேர்த்தே பேச்சைப் பின்தொடர்கிறார்கள். அந்த முதல் விநாடிகளை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அறிக்கை வந்தபின் ஒலியின் வேகத்தை மெல்லக் குறைத்துப் படத்தோடு சேர்ப்பது சரியா? எத்தனை சதவீதம் வரை குறைத்தால் குரல் கெடாது? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.