கான்போர்டில் தமிழ் எழுத்து சிதைகிறது. பயிற்சிக்குப் பிறகும் குறிப்பேட்டுக்கே திரும்பிவிட்டோம்

கேள்வி (மண்டபம்):
வணக்கம். கடல்பாசி வளர்க்கும் மகளிர் குழுக்களுக்குத் துணைநிற்கும் எங்கள் அமைப்பில் ஒன்பது பேர் இருக்கிறோம். அலுவலகத்தின் பழைய கணினியில் பணிகளைப் பலகையில் பத்தி பத்தியாகக் காட்டும் கான்போர்டு மென்பொருளை நிறுவி, ஆறு ஆண்டுப் பணிப்பட்டியலை எக்செலிலிருந்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை) கோப்பாக்கி ஏற்றினோம். ஒரு பகுதி கேள்விக்குறிகளாகவும், இன்னொரு பகுதி பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் தெரிகின்றன. ஒருநாள் முழுக்கப் பயிற்சி அளித்தும், இரண்டே வாரங்களில் களப்பணியாளர்கள் குறிப்பேட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கே தவறினோம்?

பதில் (கீழக்கரை):
சகோதரி, எழுத்துச் சிக்கல் ஒன்றல்ல, இரண்டு. கேள்விக்குறிகளாகத் தெரிபவை சாதாரண சிஎஸ்வி வடிவில் சேமிக்கப்பட்டவை. மூல எக்செல் கோப்பைத் திறந்து, தமிழ் எழுத்துகளைக் காக்கும் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' வடிவைத் தேர்ந்து மீண்டும் சேமித்தால் சரியாகிவிடும். ஆங்கில எழுத்துகளாகத் தெரிபவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருக்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான ஒருங்குறியைத் (யூனிகோடு) தமிழக அரசு 2010-இலேயே ஏற்றுக்கொண்டது என்றாலும், பழைய கோப்புகள் தாமாக மாறுவதில்லை. அவற்றை எழுத்துரு மாற்றியில் இட்டு, பெயர்களை ஒருவர் கண்ணால் சரிபார்த்த பின்னரே ஏற்றுங்கள். நிறுவும்போது இருந்த நிர்வாகிக் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். கான்போர்டு வழக்கமாகத் தன் தரவைச் சேமிக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் ஒற்றைக் கோப்புதான் என்பதால், 'டேட்டா' கோப்புறையை வாரந்தோறும் வேறொரு வட்டில் நகலெடுத்து வைப்பது எளிது.

பதில் (தங்கச்சிமடம்):
எழுத்து சரியானாலும் ஆறு ஆண்டுப் பட்டியலை ஏற்றாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். முடிந்துபோன நூற்றுக்கணக்கான பணிகளுக்கு நடுவே இன்றைய வேலையைத் தேடச் சொன்னால் யாருக்கும் சலிப்புத்தான் வரும். பாசி கட்டியதிலிருந்து அறுவடை வரை ஏறக்குறைய 45 நாள். அந்த ஒரு சுற்றையே பயிற்சியாக்குங்கள். பத்திகளுக்கு 'விதை கட்டுதல்', 'கடலில்', 'அறுவடை', 'உலர்த்தல்' என்று அவர்கள் நாவில் புழங்கும் பெயர்களையே இடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பதைவிட, ஒவ்வொரு கட்டமும் வரும் வாரத்தில் அதற்குரிய செயலை மட்டும் அரைமணி நேரம் செய்துகாட்டுவது மனத்தில் நிற்கும். வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மட்டும் தொடங்க வேண்டாம்.

குறிப்பேட்டையும் பறிக்காதீர்கள். இடுப்பளவு நீரில் மிதவையைப் பிடித்து நிற்பவரால் கைப்பேசியைத் தொட முடியாது; அலுவலகக் கணினியும் அங்கிருந்து எட்டாது. கான்போர்டு ஒவ்வொரு பணிக்கும் தரும் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். மாலையில் அலுவலகத்தில் அந்த எண்ணைத் தேடிப் பதிவது இரண்டு நிமிட வேலை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. யுடிஎஃப்-8-இல் சேமித்ததும் கேள்விக்குறிகள் மறைந்துவிட்டன. மிதவைக்கு ஒரு பணியா, குழுவுக்கு ஒரு பணியா?

பதில் (தங்கச்சிமடம்):
குழுவுக்கு ஒன்று போதும். மிதவைகளை அதன் துணைப்பணிகளாகச் சேருங்கள்.