‘சங்கம்’ படத்தின் கடிதம்: சுந்தருக்குக் கண் தெரியாதா?

வைகைக்கரை: இந்தித் திரையின் தலைசிறந்த முக்கோணக் காதல் கதை ராஜ் கபூரின் ‘சங்கம்’ (1964) என்று நேற்று இங்கே தீர்ப்பு எழுதியவருக்கு ஒரு கேள்வி. ராதாவுக்குக் கோபால் எழுதிய கையொப்பமில்லாத காதல் கடிதம், அவளை மணந்த சுந்தரின் கையில் சிக்குகிறது. சிறுவயது முதல் கூடவே வளர்ந்த நண்பனின் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா? மனைவியிடம் துப்பாக்கியை நீட்டிப் பெயர் கேட்பவன், தாளை ஒருமுறை உற்றுப் பார்த்திருக்கலாமே!

பழம்பாடல் பிரியன்: எழுதியவன் நான்தான், இப்போதும் அதையே சொல்கிறேன். விமானப்படைக்குப் புறப்படும் முன், எந்த ஆணும் தனக்கும் ராதாவுக்கும் நடுவே வராமல் பார்த்துக்கொள்ளும்படி சுந்தர் வாக்கு வாங்கியதே கோபாலிடம்தான். அப்படி நம்பியவனுக்கு அந்த எழுத்தில் நண்பன் எப்படித் தெரிவான்?

வைகைக்கரை: நம்பிக்கை எழுத்தின் வடிவத்தை மாற்றிவிடாது. கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

மல்லிகைப்பந்தல்: இருவரும் கடிதத்தைத் தாண்டவே மாட்டீர்களா? ஆற்றில் நீந்துபவளை, மரத்தின்மேல் பேக்பைப் என்னும் ஊதுபை வாத்தியத்தை ஊதிக்கொண்டு ‘போல் ராதா போல்’ (சொல் ராதா, சொல்) என்று நச்சரிப்பவன் ஒருவன். நட்புக்காக அவளை விட்டுக்கொடுப்பவன் இன்னொருவன். அவள் விருப்பத்தை யார் கேட்டார்கள்? ராதாவாக நடித்த, சென்னையிலிருந்து சென்ற வைஜயந்திமாலா அந்தத் தவிப்பை முகத்தில் காட்டியதற்குத்தான் பிலிம்பேர் விருது கொடுத்தார்கள்.

வைகைக்கரை: விருதை யாரும் பறிக்கவில்லை, அம்மணி. சென்ற மாதம் ‘அந்தாஸ்’ பட விவாதத்தையும் இப்படித்தான் அதன் நாயகி நர்கிஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போனீர்கள். என் கேள்வி கையெழுத்து பற்றியது.

பழம்பாடல் பிரியன்: ஹஸ்ரத் ஜெய்ப்புரி எழுதி, ரஃபியும் லதாவும் பாடிய ‘யே மேரா பிரேம் பத்ர’ (இது என் காதல் கடிதம்) பாடலைக் கேட்டு உருகாதவர்தான் தாளில் எழுத்தைத் தேடுவார்.

வைகைக்கரை: எனக்கு ரஃபியைக் கற்றுத்தர வேண்டாம். முகேஷ் பாடிய ‘தோஸ்த் தோஸ்த் ந ரஹா’ (நண்பன் நண்பனாக இல்லை) பாடலைப் பியானோ முன் அமர்ந்து அத்தனை வலியோடு பாடத் தெரிந்த சுந்தருக்கு, நண்பனின் எழுத்து மட்டும் பிடிபடவில்லை. அவன் அதைக் கண்டுகொண்டிருந்தால் கோபால் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு சாகும் முடிவுக்கே இடமிருந்திருக்காது என்பதால், கதாசிரியர் வேண்டுமென்றே சுந்தரின் கண்ணைக் கட்டிவிட்டார்.

மல்லிகைப்பந்தல்: துப்பாக்கி முனையிலும் பெயரைச் சொல்லாத ராதாவின் உறுதியைப் பற்றி ஒரு வரிகூட எழுத உங்களுக்கு மனம் வரவில்லை.

வைகைக்கரை: அவள் ஏன் சொல்ல வேண்டும்? தாளிலேயே இருக்கிறதே!