முன் வீல்ல உய்ய்ங்னு சத்தம், பேரிங் கழட்ட முடியல. அவசரம்!

திருமங்கலத்தான்: அண்ணன்மாரே, கார் 40 தாண்டுனா முன் வீல்ல உய்ய்ங்னு சத்தம். பேரிங் போயிருச்சு. பேரிங் உக்காந்திருக்கிற நக்கிளைக் கழட்டிட்டேன், பேரிங் வெளிய வர மாட்டேங்குது. சம்மட்டியால அடிச்சும் பாத்தாச்சு. நாளைக்குக் காலைல வண்டி வேணும்.

ஸ்பேனர்17: என்ன வண்டி? எந்த வருஷம்? இடதா வலதா? ஏபிஎஸ் உண்டா?

டயர்க்காரன்: பேரிங்தான்னு எப்படி முடிவு பண்ணீங்க? டயர் திட்டுத்திட்டாத் தேஞ்சாலும் இதே சத்தம்தான். முன் டயரைப் பின்னாடி மாத்திப் போட்டு ரிங் ரோட்டுல ஒரு ஓட்டு ஓட்டுங்க. சத்தமும் பின்னாடி போனா டயர்தான்.

ஸ்பேனர்17: @டயர்க்காரன் நக்கிளே கீழ கிடக்கு, எங்கிட்டு ஓட்ட? கழட்டாதவங்களுக்குச் சொல்றேன். ஓட்டும்போது லேசா இடப்பக்கம் வளைச்சா பாரம் வலது வீல்ல ஏறும். அப்ப சத்தம் கூடுனா வலது பேரிங். ஜாக்கில தூக்கி வீலை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. நின்னா பேரிங், நிக்கலைன்னா நக்கிளைப் பிடிக்கிற பால் ஜாயிண்ட்.

அம்பாசடர் பாண்டி: இதுக்கா இம்புட்டுப் பேச்சு? நட்டை இறுக்கி, வீலைச் சுத்திவிட்டு, கால் சுத்து லூசு பண்ணி பின் குத்துனா சத்தம் போயிரும். கிரீஸ் மட்டும் நல்லா அப்பணும்.

பேரிங் பெரியவர்: பாண்டி, அது முன் வீல்ல டேப்பர் ரோலர் (கூம்பு உருளை) பேரிங் போட்ட பின்வீல் டிரைவ் வண்டிக்கு. முன்வீல் டிரைவ்ல பெரும்பாலும் இருக்கிறது சீல் பண்ண இரட்டை வரிசை பேரிங். உள்வளையம் ரெண்டையும் சேத்து அழுத்திப் பிடிக்கிறதே அந்த ஆக்ஸில் நட்டுதான். கால் சுத்து லூசு விட்டா பேரிங் சீக்கிரம் செத்துரும். அடிப்படை தெரியாம யோசனை சொல்ல வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?

அம்பாசடர் பாண்டி: பெரியவரே, அவரு என்ன வண்டின்னே இன்னும் சொல்லல. அதுக்குள்ள முன்வீல் டிரைவ்னு உங்களுக்கு யாரு சொன்னா?

திருமங்கலத்தான்: சாரி, சான்ட்ரோ 2005. ஏபிஎஸ் இல்ல. வீல் மாட்டுற ஹப் கழண்டுருச்சு, ஆனா உள்வளையத்துல ஒண்ணு ஹப்போடயே ஒட்டிக்கிட்டு வந்துருச்சு.

லேத் பட்டறை: ஒட்டிக்கிட்டு வர்றது சகஜம். கிரைண்டர்ல வளையத்தோட கனத்துல முக்காவாசி குறுக்க வெட்டுங்க, ஹப்பைத் தொட்டுறாதீங்க. அந்தக் காடில உளியை வச்சு ஒரு தட்டு, விரிசல் விட்டுக் கழண்டுரும். கண்ணாடி போட்டுக்கங்க, சில்லு தெறிக்கும்.

நக்கிளுக்குள்ள இருக்கிறதுக்கு முதல்ல லாக் (பேரிங்கைப் பிடிச்சிருக்கிற சர்க்ளிப் வளையம்) எடுத்தீங்களா? துருவுக்குள்ள அந்த வளையம் கண்ணுக்கே தெரியாது. அது உள்ள இருக்க எத்தனை சம்மட்டி அடிச்சாலும் அசையாது, நக்கிள்தான் விரியும். லாக் எடுத்துட்டு, அழுத்தித் தள்ளுற பிரஸ்ல குடுங்க. கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரிச்சா பிரஸ் கிடைக்கும்.

டயர்க்காரன்: வெளிவளையத்துக்கு உள்பக்கம் சுத்தி ஒரு வெல்டிங் கோடு இழுத்தா, ஆறும்போது சுருங்கித் தானா விழுந்துரும்.

பேரிங் பெரியவர்: விழும். வெல்டிங் எர்த்தை நக்கிள்லயே கவ்வணும், கோடு வளையத்தைத் தாண்டக் கூடாது. கை பழகாதவங்க செய்ய வேண்டாம்.

திருமங்கலத்தான்: லாக் இருந்துச்சு அண்ணே! எடுத்தாச்சு. ஒரு விஷயம், இது மூணு மாசத்துக்கு முன்னாடிதான் புதுசாப் போட்டது. ஒரு பட்டறைல அடிச்சு இறக்குனாங்க.

ஸ்பேனர்17: இதைத்தான முதல்ல சொல்லணும்!

லேத் பட்டறை: அப்ப புதுப் பேரிங் மட்டும் போட்டா இன்னொரு மூணு மாசம்தான். இறக்கும்போது உள்வளையத்துல அடி விழுந்தா, அந்த விசை குண்டு வழியா வெளிவளையத்துக்குப் போகும். தடத்துல ஒவ்வொரு குண்டும் இருக்கிற இடத்துல நுணுக்கமாக் குழி விழும், கண்ணுக்குத் தெரியாது. அந்தக் குழிதான் பிறகு உய்ங்னு கத்துறது. நக்கிளுக்குள்ள இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்தணும். பழைய பேரிங்கோட வெளிவளையத்தைக் கொஞ்சம் தேச்சு வச்சுக்கிட்டா அதை வச்சே அழுத்தலாம். பிறகு லாக் போட்டுட்டு ஹப்பை ஏத்தும்போது, பின்னாடி உள்வளையத்துக்குக் குழாய் முட்டுக் குடுக்கணும். நக்கிளை மட்டும் தாங்க வச்சு அழுத்துனா அதே குழி.

அதுக்கு முன்னாடி ஹப்போட தண்டைப் பாருங்க. வளையம் உக்கார்ற இடத்துல நீலமாவோ, பளபளன்னு வரி விழுந்தோ இருந்தா, வளையம் அது மேல சுத்தியிருக்கு. புதுப் பேரிங்கை அந்தத் தண்டு மேல விரலால தள்ளி உள்ள போகுதான்னு பாருங்க. போனா ஹப்பையும் மாத்தணும். தண்டுல பஞ்சால குழி குத்தி, இறுக்கமாக்கி ஒப்பேத்தாதீங்க.

அம்பாசடர் பாண்டி: வைகைல, யானைக்கல் தரைப்பாலத்துல தண்ணிக்குள்ள விட்டிருப்பாப்ல. சீல் வழியாத் தண்ணி போயிருக்கும்.

பேரிங் பெரியவர்: தண்ணி போனா துரு இருக்கும். அவரு துருன்னே சொல்லலையே, பாண்டி.

அம்பாசடர் பாண்டி: அவரு எதைத்தான் சொன்னாரு?

ஸ்பேனர்17: தம்பி, பூட்டும்போது ஆக்ஸில் நட்டை டார்க் ரெஞ்சால மேனுவல்ல உள்ள அளவுக்கு இறுக்குங்க, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு. அதுக்கு முன்னாடி வண்டியை ஓரடி கூட உருட்டக் கூடாது. பிரேக் காலிப்பரைக் கம்பி போட்டுத் தொங்க விடுங்க, பிரேக் ஓஸ்ல தொங்கக் கூடாது. ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர்) போல்ட்டைக் கழட்டியிருந்தா வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

திருமங்கலத்தான்: ஹப்தான் அண்ணே. பேரிங் கையாலயே உள்ள போச்சு. ஹப்பும் பேரிங்கும் புதுசு போட்டு பிரஸ்ல ஏத்தியாச்சு. 80 வரைக்கும் ஓட்டிப் பாத்தேன், சத்தம் இல்ல. எல்லாருக்கும் நன்றி.

ஸ்பேனர்17: நல்லது. அலைன்மென்ட் பாத்தாச்சா? பழைய ஸ்பிலிட் பின்னையே போட்டீங்களா, புதுசா?

லேத் பட்டறை: தம்பி?