கிரானாக்கின் மரக்கட்டை அச்சுப் படங்கள்: உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். அச்சு வந்த புதிதில் புராட்டஸ்டண்ட் நம்பிக்கைக்கு ஓவியர்கள் எப்படி உருவம் கொடுத்தார்கள் என்று எங்கள் சபை வாலிபர்களுக்குப் பேசத் தயாராகிறேன். போப்பை எதிர்த்துப் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அவருடைய நண்பர், ஜெர்மனியின் விட்டன்பர்க் நகர அரசவை ஓவியர் லூக்காஸ் கிரானாக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது பெரிய குறை.

கிரானாக்கின் படங்களோடு 1521-ல் வந்த ஒரு சிறுநூலில் இயேசுவையும் போப்பையும் எதிரெதிரே காட்டும் படங்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்றில் இயேசு சீடர்களின் காலைக் கழுவுகிறார்; எதிரே போப் தன் காலை முத்தமிட நீட்டுகிறார். வாசிக்கத் தெரியாதவருக்கும் விஷயம் புரிந்துவிடும்!

என்னை மிகவும் இழுப்பது 1522 செப்டம்பரில் வந்த, லூத்தர் ஜெர்மனில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு. அதில் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு மட்டும் 21 முழுப்பக்கப் படங்கள். அதே புத்தகத்துக்கு ஜெர்மன் ஓவியர் டியூரர் 1498-ல் வெளியிட்ட படங்களின் சாயல் நன்றாகத் தெரிகிறது. ஆனால் அந்தப் புத்தகத்தில் தீமையின் உருவமாக வரும் பாபிலோன் வேசியின் தலையில் போப்பின் மூன்றடுக்குக் கிரீடம்! எதிர்ப்பு கிளம்பவே, டிசம்பர் பதிப்பில் மேலடுக்குகளைச் செதுக்கி நீக்கிச் சாதாரணக் கிரீடமாக்கினார்கள். 1534-ன் முழு பைபிளில் மூன்றடுக்கு திரும்பிவிட்டது.

மரக்கட்டையில் செதுக்கி அச்செடுப்பவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: புடைத்து நிற்கும் கோட்டைச் சீவும்போது பக்கத்துக் கோடுகள் சிதையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? செப்டம்பர், டிசம்பர் பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்படி தெளிவான ஸ்கேன் எங்கே கிடைக்கும்? பழைய ஜெர்மன் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் 1521 நூலின் படக்குறிப்புகளுக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கினால் மிகவும் நன்றியுள்ளவனாக இருப்பேன்.