உங்கள் ‘முதல் பத்து’ கிட்டார் பட்டியல் எப்போது உடைந்தது? (இணைய மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

விடுதி அறை 14

2003. கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் அந்த ஆண்டு வெளியிட்ட நூறு கிட்டார் கலைஞர்கள் பட்டியலை யாரோ அச்செடுத்து எங்கள் அறைக் கதவில் ஒட்டிவிட்டார்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ், டுவேன் ஆல்மன், பி.பி. கிங், எரிக் கிளாப்டன், ராபர்ட் ஜான்சன் என்று முதல் ஐந்து. அன்று இரவு இரண்டு மணி வரை சண்டை. நான் கிளாப்டன் கட்சி. ‘கிளாப்டன்தான் கடவுள்’ என்று அறுபதுகளிலேயே லண்டன் சுவரில் எழுதிவைத்திருந்தார்களே என்பதுதான் என் பெரிய ஆதாரம். “எங்கள் ஊர்ச் சுவரிலும்தான் எழுதுகிறார்கள், அவர்களுக்கெல்லாம் ஓட்டுப் போட்டுவிட்டாயா?” என்று கேட்டான் எதிர்க் கட்டில்காரன்.

வெட்கமான செய்தி வேறு. ராபர்ட் ஜான்சனுக்கு ஐந்தாம் இடம் தகுமா தகாதா என்று அரை மணி நேரம் வாதாடினோம். அறையில் இருந்த ஏழு பேரில் ஒருவர்கூட அவரைக் கேட்டதில்லை. 1936-லும் 1937-லும் டெக்ஸாஸில் பதிவு செய்த 29 பாடல்கள்தான் அவர் விட்டுப்போன சொத்து. 1938-இல், 27 வயதில் இறந்துவிட்டார். சீனியர் ஒருவர் மறுவாரம் ஒரு குறுந்தகடு கொண்டுவந்தார். கேட்டவுடன், “கூட வாசிப்பது யார்?” என்றேன். கூட யாரும் இல்லை. அடித்தந்திகளில் கட்டைவிரல் ஒரு நடையில் போகிறது, மேலே மற்ற விரல்கள் வேறு பேச்சுப் பேசுகின்றன. ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸும் முதல்முறை கேட்டபோது இதே கேள்வியைக் கேட்டாராம். அதைப் பிறகு படித்தபோது கொஞ்சம் மானம் திரும்பியது.

இங்கே யாரும் பட்டியல் போட வேண்டாம். உங்கள் பட்டியல் எந்த இடத்தில், எதனால் உடைந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

இரட்டை விரல்

எனக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட். கேட்டதால் அல்ல, விரலைக் கட்டிப் பார்த்ததால்.

பெல்ஜியத்தில் பிறந்து பாரிஸ் பக்கம் வளர்ந்த ரோமா இனத்தவர் அவர். 1928-இல், 18 வயதில், குடியிருந்த வண்டி தீப்பிடித்தது. இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் சுருங்கி மடங்கிப்போயின. சில கார்டுகளுக்கு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகளுக்கு) அந்த விரல்களை முட்டுக்கொடுத்துக்கொண்டார். மற்றபடி தனி வாசிப்பு முழுவதும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான். இதை எத்தனையோ முறை படித்திருந்தேன். படித்தால் என்ன தெரியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பால் என் இரண்டு விரல்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு விரல் இருக்கும்போது கை ஒரே இடத்தில் குந்திக்கொண்டு குறுக்கே வாசிக்கும். இரண்டே விரல் என்றால் குந்த முடியாது. தந்தியின் நீளத்துக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவருடைய வாசிப்பில் கீழிருந்து மேலே சரசரவென்று ஏறும் அந்த ஓட்டம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்ததே தவிர வாசிக்க வரவில்லை. இருபது நிமிடத்தில் மணிக்கட்டு வீங்கியதுபோல் ஆகிவிட்டது. டேப்பைப் பிரித்தபோது கை முடியும் சேர்ந்து வந்தது. “அடிபட்டதா?” என்று கேட்ட என் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

இதே கதையின் அடுத்த கண்ணி ‘பிளாக் சாபத்’ குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி. பர்மிங்ஹாமில் ஒரு தகடு அழுத்தும் தொழிற்சாலை. வேலையை விட்டுப் போகும் கடைசி நாளில், 17 வயதில், வலது கையின் இரண்டு விரல்களின் நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்தார். அவர் இடக்கைக்காரர், ஆகவே தந்தியை அழுத்தும் கை அதுதான். ஆலை மேற்பார்வையாளர் ஜாங்கோவின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்க வைத்தார். பையன் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மறுபடி வாசிக்கத் தொடங்கினான். மெல்லிய தந்திகளைப் போட்டான். பிறகு சுருதியையும் இறக்கினான். 1971-இல் வந்த அவர்கள் குழுவின் இசைத்தட்டில் சில பாடல்களுக்கு மூன்று அரைச்சுரம் கீழே. ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த ஒலிக்கு விரல் வலியும் ஒரு காரணம் என்று தெரிந்த பிறகு, யார் வேகம் என்ற பேச்சில் எனக்கு ருசி போய்விட்டது.

கணக்கு வாத்தியார்

விபத்துக்கு மதிப்பெண் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கதை தெரியாத ஒருவரிடம் ஜாங்கோவைப் போட்டுக்காட்டுங்கள். அவர் காதைத் திருப்பினால் ஒப்புக்கொள்கிறேன்.

இரட்டை விரல்

போட்டுக்காட்டினேன் ஐயா, மாமனாரிடம். நாகஸ்வரம் தவிர வேறெதையும் மதிக்காதவர். கண்ணை மூடி முழுதாகக் கேட்டுவிட்டு, “பிடில்காரர் பரவாயில்லை” என்றார். ஜாங்கோவுடன் வயலின் வாசித்த ஸ்தெபான் கிராப்பெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது அந்தப் பாராட்டு. உங்கள் பக்கம் ஒரு மதிப்பெண்.

மெழுகும் மெட்டும்

நான் வீணை. கிட்டார் சண்டைக்கு வந்ததே என் தம்பியால்தான். அவன் இங்கிலாந்துக் கிட்டார்காரர் ஜான் மெக்லாஃப்லின் பைத்தியம். “அக்கா, அவர் வீணை படித்தவர். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். அதனால் அவர்தான் முதல்” என்பான். நான் சிலிர்த்துக்கொள்வேன். நம்மிடம் கற்றுக்கொண்டார் என்பதற்காக ஒருவருக்கு முதலிடம் கொடுப்பது நமக்கு நாமே மாலை போட்டுக்கொள்வது இல்லையா?

அப்புறம் அவன் ஒரு நாள் தன் பழைய கிட்டாரை அரத்தால் அராவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூடம் முழுக்க மரத்தூள். விஷயம் இதுதான். நம் ஊர்க் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்த சக்தி குழுவுக்காக மெக்லாஃப்லின் தனியாக ஒரு கிட்டார் செய்வித்தார். ஃப்ரெட்டுகளுக்கு (கிட்டார் கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகளுக்கு) நடுவே உள்ள மரத்தைக் குழிவாகக் குடைந்திருந்தார்கள். ஒலித்துளையின் மேல் சாய்வாக ஏழு தந்திகள் வேறு, நம் கை படாமலே உடன் ஒலிப்பதற்கு. தம்பி அந்தக் குழிவை வீட்டிலேயே செய்யப் பார்த்தான்.

வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும். இரண்டு மெட்டுக்கு நடுவே விரலுக்குத் தரை கிடையாது. அதனால்தான் தந்தியை அழுத்தி இழுத்து ஒரே மெட்டில் மூன்று நான்கு சுரங்களை வரவழைக்க முடிகிறது. சாதாரணக் கிட்டாரில் விரல் மரத்தில் முட்டும். எனக்கு அது தெரியாது. தம்பியின் இன்னொரு கிட்டாரை, அராவாததை, வாங்கித் தோடி ராகத்தின் காந்தார சுரத்தை அசைக்கப் பார்த்தேன். காந்தாரம் அசையவில்லை, நகம்தான் பெயர்ந்தது. பிறகு அவன் குடைந்ததில் பார்த்தேன். சுத்தமாக இல்லை, பாதி ஃப்ரெட் கிர்ரென்றது. ஆனாலும் ஏதோ அசைந்தது. ஓர் ஆள் தன் வாத்தியத்துக்கு எது வராது என்று கண்டுபிடித்து மரத்திலேயே கைவைத்திருக்கிறார் என்பது அந்தக் கிர்ரில் எனக்குத் தெரிந்தது.

சக்தியின் முதல் இசைத்தட்டு 1976-இல் வந்தது. எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். அதைத் தம்பியோடு உட்கார்ந்து முழுதாகக் கேட்டேன். தோடி கேட்க நான் மெக்லாஃப்லினிடம் போக மாட்டேன், இதை எழுத்தில் தரத் தயார். விநாயக்ராம் கடத்தில் கணக்கை விரிக்கும்போது மெக்லாஃப்லின் ஒதுங்கி வழிவிடும் இடங்கள் இருக்கின்றன பாருங்கள், அதற்காக எத்தனை முறை வேண்டுமானாலும் போவேன். தம்பியின் கிட்டார் பரணில் இருக்கிறது.

மான்செஸ்டர் இரவுப்பணி

நான் மருத்துவமனையில் இரவுப்பணி. காலையில் சைக்கிளில் வீடு திரும்பும் பாதை ஒரு காலத்தில் ரயில் பாதையாக இருந்தது. இரண்டு வருடம் அதில் போய்வந்திருக்கிறேன். நடுவில் வில்பிரகாம் சாலை என்று ஒரு நிலையம் இருந்ததே தெரியாது. உடன் வேலை செய்யும் வயதான அம்மா ஒருவர்தான் சொன்னார்: “இங்கேதான் ரொசெட்டா வாசித்தாள்.”

1964 மே மாதம். அப்போதே பயணிகள் வண்டி நின்றுபோயிருந்த நிலையம் அது. தொலைக்காட்சிக்காரர்கள் அதை அமெரிக்கத் தென்பகுதி ரயிலடிபோல் ஜோடித்தார்கள். ஒரு நடைமேடையில் இளைஞர் கூட்டம், எதிர் நடைமேடையில் பாடகர்கள், நடுவில் தண்டவாளம். மழை பிடித்துக்கொண்டது. அமெரிக்கப் பாடகரும் கிட்டார்காரருமான சிஸ்டர் ரொசெட்டா தார்ப் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். வயது 49. கோட்டு, வெள்ளை நிற மின்கிட்டார். நோவா காலத்து மழையைப் பற்றிய ஆன்மிகப் பாடலை எடுத்துக்கொண்டார். படம் கிடைக்கிறது, பாருங்கள். தாளத்தைக் காலால் இழுத்துக்கொண்டு, பாடிக்கொண்டே நடந்து, நடுவில் கையை ஒரு சுழற்றுச் சுழற்றி அவர் எடுக்கும் அந்தத் துண்டு வாசிப்பை நான் பணி உடையிலேயே, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அந்தப் பாதையோரத்தில் நின்று கைப்பேசியில் பார்த்தேன். அன்றும் தூறல்தான். இந்த ஊரில் அதற்கு விசேஷம் ஒன்றுமில்லை.

1938-லேயே இசைத்தட்டுப் பதிவு செய்தவர். அப்போது ராக் அண்ட் ரோல் முன்னோடி என்று சொல்லப்படும் சக் பெரிக்குப் பன்னிரண்டு வயது. தேவாலயத்தில் வளர்ந்து, இரவு விடுதியிலும் அதே பாட்டை வாசித்ததற்காகத் தேவாலயத்தாரிடமே ஏச்சு வாங்கியவர். 1973-இல் இறந்தபின் பல ஆண்டுகள் கல்லறையில் பெயர்க்கல் கிடையாது.

விடுதி அறை அண்ணா, உங்கள் கதவில் ஒட்டிய தாளில் அவர் பெயர் எத்தனையாவது இடத்தில் இருந்தது?

விடுதி அறை 14

தேடிப் பார்த்தேன் அம்மா. இல்லை. நூறு பேரில் பெண்கள் இரண்டே பேர், ஜோனி மிட்சலும் ஜோன் ஜெட்டும். அன்று நாங்கள் ஏழு பேர் இரண்டு மணி வரை கத்தினோம், இதை ஒருவரும் கவனிக்கவில்லை. அதே இதழ் 2023-இல் 250 பேர் பட்டியல் போட்டபோது தார்புக்கு ஆறாம் இடம். இருபது ஆண்டில் அவர் புதிதாக ஒன்றும் வாசித்துவிடவில்லை.

மேடையின் இடது ஓரம்

திருச்சியில் மெல்லிசைக் குழுவில் பதினெட்டு வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டத்துக்கு முன்னால் கூட்டம் சேர்க்க. நீங்கள் பேசும் பெயர்களில் பாதியை எனக்கு இங்கேதான் தெரியும்.

எனக்குத் தெரிந்த பெயர் ஆர். சந்திரசேகர். 1982-இல் வந்த ‘இளைய நிலா’ பாட்டின் கிட்டாரை வாசித்தவர். அந்தப் பாட்டை விரும்பிக் கேட்காத மேடை எனக்கு அமைந்ததே இல்லை. எஸ்.பி.பி. பெயர் தெரியும், இளையராஜா பெயர் தெரியும். வாசித்தவர் யார் என்று இந்தப் பதினெட்டு வருடத்தில் என்னிடம் கேட்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் ஒலிபெருக்கிக்காரர்.

திண்டுக்கல் பக்கம் ஒரு வரவேற்பு. மின்சாரம் போய்விட்டது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை. கீபோர்டு செத்தது, ரிதம் பேடு செத்தது, ஒலிவாங்கி செத்தது. மண்டபத்தில் குழந்தைகள் அழுகை. என்னிடம் பெட்டிக் கிட்டார் இருந்தது, அதற்குக் கரண்ட் வேண்டாம். சும்மா இருக்கப் பிடிக்காமல் அந்தத் தொடக்கத்தை எடுத்தேன். முன்வரிசையில் சத்தம் குறைந்தது. பின்னால் குறைந்தது. பாடகர் பாட வாய் திறக்கும் முன்பே இருட்டில் யாரோ முனக ஆரம்பித்து, நான்கைந்து வரிசை சேர்ந்துகொண்டது. பல்லவி அல்ல. கிட்டார் வாசிப்பையே முனகினார்கள், ஒவ்வொரு சுரமாக. நான் ஓர் இடத்தில் எப்போதும் ஒரு சுரத்தை விழுங்கிவிடுவேன், விரல் எட்டாது. அவர்கள் அதை விழுங்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்து அந்த ஒரு இடத்தை மட்டும் சாதகம் செய்கிறேன். இன்னும் வரவில்லை. இரட்டை விரல் அண்ணா, சுண்டுவிரலை நீட்ட ஏதாவது பயிற்சி தெரிந்தால் சொல்லுங்கள். டேப்பு மட்டும் வேண்டாம்.