பொருள்: 'சவாலான, ஆனால் நியாயமான' திடல் – தமிழில் எப்படிச் சொல்வது?

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், கோவை (திங்கள் காலை)

குழுவினருக்கு வணக்கம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய கோல்ஃப் திடலில் ஒரு சுற்று ஆடிய அனுபவக் கட்டுரையைப் பயண இதழ் ஒன்றுக்காகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். கோல்ஃப் எனக்குத் தொலைக்காட்சியில் அலைவரிசை மாற்றும்போது கண்ணில் படுகிற பச்சை நிறம், அவ்வளவுதான்.

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். திடல் கடினமானது, ஆனால் 'ஃபேர்' என்கிறார் ஆடியவர். 'சவாலான, ஆனால் நியாயமான பொதுத் திடல்' என்று எழுதிப் பார்த்தால் ஆட்டோ கட்டணத்தைப் பற்றிப் பேசுவது போல இருக்கிறது. அடுத்தது, அந்தக் கடலோர நிலத்தை அவர்கள் 'லிங்க்ஸ்' என்கிறார்கள். மென்பொருளிடம் கொடுத்தேன், 'கடலோர இணைப்புகள்' என்று திருப்பித் தந்தது. பந்தை அடித்துச் செல்லும் புல்பாதையான 'ஃபேர்வே', 'நியாயமான வழி' ஆகிவிட்டது. காப்பாற்றுங்கள்.

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை (திங்கள் பிற்பகல்)

அம்மா, இதற்கா இவ்வளவு கவலை? 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி' (குறள் 118). ஒரு பக்கம் சாயாதது எதுவோ அதுவே நீங்கள் கேட்கும் பண்பு. ஆகவே 'கோடாத்திடல்'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். குறளில் வருவது 'கோல்'. ஆட்டத்தின் பெயரும் கோலில்தான் தொடங்குகிறது. டச்சு மொழியில் தடிக்குக் 'கோல்ஃப்' என்று பெயர் உண்டு. தடி என்றால் கோல்தானே? கோலால் அடிக்கும் ஆட்டம் கோலாட்டம் ஆகிவிடும் என்பதால் 'கோற்பந்து' என்று வைத்துக்கொள்ளலாம். லிங்க்ஸுக்கு 'எக்கர்' போதும். சங்கப் பாடல்களில் அலை குவித்த மணல்மேடு எக்கர். அங்கே ஞாழல் பூக்கும்.

எழுதியவர்: நாளிதழ் உதவியாசிரியர், சென்னை (திங்கள் இரவு)

ஐயா, பொறுத்தருள வேண்டும். 'கோடாத்திடல்' என்று தலைப்பிட்டால் கோடு போடாத திடல் என்றுதான் என் வாசகர் படிப்பார். டென்னிஸ் தளத்துக்கு எதிர்ச்சொல் போலிருக்கிறது. 'எக்கர்' என்றால் ஏக்கரில் அச்சுப்பிழை என்று பிழைதிருத்துபவரே ஒரு கால் சேர்த்துவிடுவார்.

கோலுக்கும் கோல்ஃபுக்கும் கல்யாணம் செய்து வைக்க வேண்டாம். ஒலி ஒத்ததெல்லாம் உறவானால், உதைக்கிற பந்தும் கல்யாண வீட்டுப் பந்துக்களும் ஒன்றாகிவிடும். வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்று 1457-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இந்த ஆட்டத்துக்கே தடை போட்டது. அதுபோல வேர்ச்சொல் ஆராய்ச்சிக்கு நாமும் வியாழன் வரை ஒரு தடை போட்டால் நல்லது. கோல்ஃப் கோல்ஃபாகவே இருக்கட்டும்.

எழுதியவர்: மருத்துவர், எடின்பரோ (செவ்வாய் அதிகாலை)

அக்கா, அந்தத் திடலில் நான் ஆடியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்தவரை கோல்ஃப் தடியை நேரில் பார்த்ததுகூட இல்லை. (டொக்டர், பொலிஸ் என்று எழுதும் எங்கள் கணக்கில் அது 'கொல்ஃப்'. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.)

முதலில் 'பொது' என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தனியார் மன்றத்தின் சொத்து அல்ல. ஊராருக்கு உரிய நிலம். பெயரைக் கொடுத்தால் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். எனக்கு ஐந்தாவது முறைதான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்ச்சனம் நாயும் பிள்ளைகளுமாக நடுத்திடலில் உலாவுவார்கள்.

எக்கர் அழகான சொல்தான், ஐயா. ஆனால் அது வெறும் மணல். லிங்க்ஸ் என்பது மணல்மேட்டின் மேல் குட்டைப் புல் படர்ந்த நிலம். உழவுக்கு உதவாது, மரம் கிடையாது, மஞ்சள் பூப்பூக்கும் முட்புதர்தான் உண்டு. பழைய ஆங்கிலத்தில் மேட்டு நிலத்துக்கு இருந்த சொல்லிலிருந்து வந்தது. இணைப்புக்கும் அதற்கும் உறவில்லை. எங்கள் வடமராட்சியில் மணற்காடு என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே நின்றவனுக்கு செயின்ட் ஆண்ட்ரூஸ் பாதி புரிந்துவிடும்.

திடலில் தடையாக இருக்கும் மணல் பள்ளத்தை 'பங்கர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எங்களுக்கு அந்தச் சொல் ஷெல் விழும்போது ஓடிப்போய் இறங்கிய குழி. அதை விளையாட்டுக்குப் போட எனக்குக் கை வராது. மணற்குழி என்றே எழுதுங்கள். பழைய திடலில் அப்படி 112 இருக்கின்றன.

இனி 'ஃபேர்'. 'குழி' என்று மட்டும் சொன்னால், பந்தை விழவைக்கும் துளையும் அதுவரை ஆடும் பகுதியும் சேர்ந்தது. மணற்குழி வேறு. முதல் குழியிலும் 18-ஆம் குழியிலும் ஒரு மணற்குழியும் கிடையாது. இரண்டுக்கும் பொதுவாக அகன்ற புல்வெளி. கைநடுக்கத்தோடு அடித்தாலும் எங்கேயாவது போய் நிற்கும். மொத்தம் 18 குழிகளில் நான்குக்கு மட்டுமே தனிப் பச்சைத்தளம் (துளையைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை). மற்றவை இரண்டிரண்டாக ஒரே தளத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பங்காளிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்: 7-உம் 11-உம், 4-உம் 14-உம். அடிக்க இடம் தாராளம். எந்த இடம் என்று தேர்வதில்தான் தண்டனை. பதினான்காம் குழியில் நரகக் குழி என்று ஒரு மணற்குழி, ஓர் ஆளை விட ஆழம். அதைத் தாண்டிவிடலாம் என்று ஆசைப்பட்டேன், விழுந்தேன், மூன்றாவது அடியில் பின்பக்கமாகத்தான் வெளியே வந்தேன். குறையொன்றும் சொல்ல முடியாது. 1995-இல் கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸே அதற்குள் நான்கு அடி அடித்து, பதினான்காம் குழியை முடிக்க மொத்தம் பத்து அடி எடுத்தார்.

எழுதியவர்: தமிழாசிரியர், தஞ்சை (செவ்வாய் காலை)

குலுக்கிப் போட்டு எடுக்கிறார்களா! பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு படித்தவர்கள் அதைக் 'குடவோலை' என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவது? ஊராருக்கு உரிய திடலை 'மந்தைவெளி' எனலாம். இதற்கும் சென்னையில் எதிர்ப்பு இருக்குமோ?

எழுதியவர்: உதவியாசிரியர், சென்னை (செவ்வாய் காலை)

இருக்கிறது ஐயா. சென்னையில் மந்தைவெளி என்றால் ரயில் நிலையம்.

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், கோவை (செவ்வாய் இரவு)

மருத்துவர் தம்பி எழுதியதைப் படித்ததும் அப்பா நினைவுக்கு வந்தார். எங்கள் கரட்டுக் காட்டைப் பற்றி அவர் ஒன்று சொல்வார்: "கல்லும் முள்ளும்தான், ஆனால் வஞ்சகமில்லாத பூமி. போட்டதைக் கொடுத்துவிடும்." ஏர் பிடிக்கையில் கொழு கல்லில் இடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காட்டைத் திட்டுவார். ஆனாலும் விற்க மாட்டார்.

நியாயம் என்றால் பஞ்சாயத்தும் நீதிமன்றமும் வந்துவிடுகின்றன. தீர்ப்புச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நிலத்துக்கு நாம் சொல்வது வஞ்சகம் உண்டா இல்லையா என்பதைத்தானே? 'கடுமையான, ஆனால் வஞ்சகமில்லாத திடல்' எப்படி?

எழுதியவர்: உதவியாசிரியர், சென்னை (செவ்வாய் இரவு)

என் வாக்கு இதற்கே. படித்ததும் புரிகிறது, அகராதியும் வேண்டாம்.

எழுதியவர்: மருத்துவர், எடின்பரோ (புதன் அதிகாலை)

அக்கா, சொல் அருமை. ஆனால் அந்தத் திடலுக்குப் பொருந்துமா என்பதுதான் எனக்குச் சந்தேகம். பன்னிரண்டாம் குழியில் அடிமேடையில் நின்று பார்த்தால் முன்னால் வெறும் புல்வெளி. நடுவாக, நேராக, எனக்கே நம்ப முடியாதபடி ஓர் அடி அடித்தேன். போய்ப் பார்த்தால் பந்து ஒரு மணற்குழிக்குள் கிடந்தது. ஆட்டத்தை முடித்துப் பச்சைத்தளத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன்: அத்தனை மணற்குழிகளும் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்து நின்றன. முன்காலத்தில் அந்தத் திடலை எதிர்த்திசையில் ஆடினார்களாம். அந்தத் திசையில் வருபவனுக்கு எல்லாமே கண்ணுக்குத் தெரியும். எனக்கு அது வஞ்சகம் இல்லாமல் வேறென்ன?

எழுதியவர்: தமிழாசிரியர், தஞ்சை (புதன் காலை)

பார்த்தீர்களா! வஞ்சகமில்லை என்பது நிலத்தின் நோக்கத்தைப் பற்றிய பேச்சு. நிலத்துக்கு ஏது நோக்கம்? கோடாமை என்பது எல்லோருக்கும் ஒரே அளவு. அந்த மணற்குழி நிக்லாஸுக்கும் மருத்துவருக்கும் ஒன்றுபோலத்தானே மறைந்திருக்கிறது? கோடாத்திடல்தான் சரி.

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், கோவை (புதன் இரவு)

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. (அந்தச் சொல் இங்கே எவ்வளவு இயல்பாக வந்து உட்காருகிறது பாருங்கள்!) ஆனால் கட்டுரையிலேயே அமெரிக்க கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸ் கதை வருகிறது. 1921-இல் பதினொன்றாம் குழியின் மணற்குழியில் மாட்டிப் பொறுமையிழந்து, சுற்றை முடிக்காமலே விலகிக்கொண்டார். 1927-இல் அதே திடலில் 'ஓப்பன்' என்னும் பெரிய கோல்ஃப் போட்டியின் பட்டம் வென்றார். 1958-இல் அந்த ஊர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. முதல் நாள் வஞ்சகமாகத் தெரிந்தது, பழகப் பழக அப்படித் தெரியவில்லை போலும். மருத்துவர் தம்பி இன்னும் இரண்டு சுற்று ஆடிவிட்டு வந்து சொல்லட்டும்.

நாளை அனுப்பப்போவது: 'கடுமையானது, ஆனால் பழகினால் வஞ்சகமில்லாத பொதுத் திடல்'. லிங்க்ஸ் ஒலிபெயர்ப்பாகவே இருக்கும். முதல் இடத்தில் மட்டும் 'புல் படர்ந்த கடலோர மணற்காடு' என்று விளக்கம். ஃபேர்வே அப்படியே. பங்கர் கிடையாது, மணற்குழிதான். கடைசியாக ஒரு சந்தேகம்: 'நரகக் குழி'யில் ஒற்று மிகும்தானே?

எழுதியவர்: மருத்துவர், எடின்பரோ (வியாழன் அதிகாலை)

'பழகினால்' என்று சேர்த்ததற்கு நன்றி அக்கா. குலுக்கலுக்கு மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

எழுதியவர்: தமிழாசிரியர், தஞ்சை (வியாழன் காலை)

மிகும் அம்மா, அதில் விவாதமே இல்லை. கோடாத்திடல் பற்றி வெள்ளிக்கிழமை விரிவாக எழுதுகிறேன். தடை வியாழன் வரைதானே.